வாக்காளர் பட்டியலும் சந்தாப் பட்டியலும்: சௌமியமூர்த்தி தொண்டமானின் அரசியல் பாதை

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் பணியை ஒழுங்குபடுத்த 1904இல் நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினுள் அடங்கிய பகுதிகள். இவ்வட்டாரத்துப் புலம்பெயர்வை ஆராய்வோர் கங்காணி, கடன், துண்டு முறை ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. புலம்பெயர்ந்த மக்கள் சென்ற நாட்டின் அரசியலுக்குள் எவ்வழியாக நுழைந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. இக்கட்டுரை அவ்வழியைச் சௌமியமூர்த்தி தொண்டமானை (1913–1999) முன்வைத்து ஆராய்கிறது.

தொண்டமானுக்கு முன்னோடி உண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் இதழாளராகத் தொடங்கித் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டு, 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தேர்வானார். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையே அதற்கு அடித்தளம். தொண்டமானின் வாழ்வில் முக்கியமான காலம் அவ்வாக்குரிமை பறிபோன பின்னரே தொடங்குகிறது.

அவர் தொழிலாளி அல்லர். இராமநாதபுரம் சீமையின் முனப்புதூரில் பிறந்து 1924இல் இலங்கை சென்றவர். தந்தை கருப்பையா கங்காணியாக உயர்ந்து இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை வாங்கியவர். தோட்ட உடைமையாளரின் மகன் தொழிற்சங்கத் தலைவரானதை முரண்பாடாக மட்டும் காண்பது போதாது. துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்தினுள் நுழைய இயலாத காலத்தில், வெளியேற்றப்படும் அச்சமற்ற ஒருவரின் சொந்த நிலம் இயக்கத்துக்குப் பயன்பட்டது என்றே கருத இடமுண்டு.

1939இல் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டே முல்லோயா தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். காங்கிரசின் தொழிற்சங்கம் வளர்ந்தது. 1947 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற, தொண்டமான் நுவரெலியாவின் உறுப்பினரானார்.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்தது. இவற்றை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கு 1953இல் பிரிவுக் கவுன்சிலில் தோற்றது. 1952இல் நடந்த நீண்ட சத்தியாக்கிரகமும் சட்டத்தை மாற்றவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினர் எவரும் தேர்வாகவில்லை.

வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர்கள் சங்கத்தின் சந்தாப் பட்டியலில் நீடித்தன. நாடற்றவர் வாக்களிக்க இயலாது. ஆனால் கொழுந்து பறிப்பதை நிறுத்த இயலும். தேயிலையே நாட்டின் அந்நியச் செலாவணிக்கு முதன்மை ஆதாரமாக இருந்தமையால் அந்நிறுத்தத்தைக் கொழும்பு புறக்கணிக்க முடியவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தொழிற்சங்கம் ஒரு தொகுதியின் இடத்தை வகிக்கத் தொடங்கியது இவ்வாறுதான். ஏ. அஸீஸ் பிரிந்து தனிச் சங்கம் கண்டபோது உறுப்பினர் எண்ணிக்கைக்கான போட்டி கடுமையானதையும் இதனோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

1960இல் தொண்டமான் நியமன உறுப்பினராக நாடாளுமன்றம் திரும்பினார். நியமன இருக்கை பிரதமரின் விருப்பத்தில் கிடைப்பது. அதன் வரம்பு விரைவில் வெளிப்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்ய விட்டது. தொண்டமானை நியமித்த அரசே அதில் கையொப்பமிட்டது. பங்கிடப்பட்டவர்களின் பிரதிநிதிகளுக்கு அதில் இடமில்லை. சங்கத்தின் பேரம் பேசும் ஆற்றல் கூலியில் எட்டிய தொலைவைக் குடியுரிமையில் எட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தாயகம் திரும்பியோர் குடியமர்ந்த பகுதிகளுள் திருச்சிராப்பள்ளி வட்டாரமும் ஒன்று. தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது தங்கள் பெயரால் பேசிய அந்தச் சங்கத்தின் பாதுகாப்பிலிருந்தும் அவர்கள் வெளியேறினர்.

1965இல் எதிரணியான ஐக்கிய தேசியக் கட்சியின் அரசு அவரை மீண்டும் நியமித்தது. 1970இல் அவ்விருக்கை அஸீஸுக்குச் சென்றது. 1977இல் மூவர் தேர்வாகும் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராக வென்றார். மக்கள் வாக்கால் மீண்டும் நாடாளுமன்றம் புக அவருக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1978இல் அமைச்சரவையில் இடம்பெற்றார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் முத்தலைவர்களுள் ஒருவராக இருந்தும் தனிநாட்டுக் கோரிக்கையை அவர் ஏற்காமையை, வடகிழக்கு நோக்கில் எழுதுவோர் சந்தர்ப்பவாதம் எனச் சுருக்குவதுண்டு. சிங்கள ஊர்கள் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் வாழும் உறுப்பினரைக் கொண்ட சங்கம் வேறு முடிவை எடுத்திருக்க இயலுமா என்று அவர்கள் கேட்பதில்லை.

1986 சனவரியில் தொழிலாளர் வேலைக்குச் செல்லாது பிரார்த்தனையில் அமர்ந்தனர். நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. 1988இல் மற்றொரு சட்டம் தொடர்ந்தது. சங்கத் தலைவர் அப்போது அமைச்சர். அவர் அங்கம் வகித்த அரசை எதிர்த்தே அப்பிரார்த்தனை நடந்தது.