இல்லை என்பதன் இலக்கணம்

1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்தபோது ஃபோர்ட்ரான் மொழியில் சுட்டிகளே கிடையாது. ஃபோர்ட்ரான் 90 அவற்றைக் கொணர்ந்தது. ஆனால், நிரலர் தாமே வெறுமையாக்காத புதுச்சுட்டி எதையேனும் சுட்டுகிறதா என்று கேட்பதே விதிமீறல்.

சுங்குவார்சத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களில் எஞ்சியிருக்கும் சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். 'காலி' என்றெழுதிய அறை வேறு. உள்ளே யாரென்றே தெரியாத அறை வேறு. பிறக்கும்போதே 'காலி' என்றெழுதும் வசதியை ஃபோர்ட்ரான் 95 தந்தது.

ஃபோர்ட்ரான் 2003இன் பல்லுருச் சுட்டியோ முகவரியோடு பொருளின் வகையையும் சுமப்பது. அதை வெறுமையாக்கும்போது தொகுப்பி முகவரியை மட்டும் அழித்தால் போதாது. அறிவிக்கப்பட்ட வகையையும் மீட்டுவைக்க வேண்டும். தவறினால் பழைய வகையின் நிழல் தங்கி, பிழை வேறெங்கோ வெடிக்கும்.

1957இல் பிறந்த மொழி, இல்லாமைக்கும் அறியாமைக்கும் இடையே கோடு கிழிக்க ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின.