பை சுமந்தவர் அறிந்த மைதானம்

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு, கோல்ஃப் என்பது ரொம்ப நாள் வரை சினிமாவில் பணக்கார அப்பா ஆடும் ஆட்டம்தான். டி.வி.யில் வந்தால் சேனலை மாற்றிவிடுவோம். ஓய்வுபெற்ற பிறகு நேரம் கிடைத்ததால் அந்த ஆட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. பெரிய போட்டி நடப்பதற்கு முன்னால் அந்த மைதானத்தில் ஆடிப் பார்க்க யாருக்கு வழி இருந்தது, யாருக்கு இல்லை என்பதுதான் அது.

முதலில் இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் பிட்ச் எங்கே போனாலும் 22 கெஜம்தான். டென்னிஸ் கோர்ட்டும் கேரம் போர்டும் அப்படியே. கோல்ஃப் மைதானம் அப்படி இல்லை. 18 குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம், ஒரு வளைவு, ஒரு மேடு பள்ளம். நடுவில் மரம், புதர், மணல் பள்ளம், தண்ணீர். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் தரையை 'கிரீன்' என்பார்கள். அது கண்ணுக்குச் சமமாகத் தெரியும். பந்தைத் தட்டினால் ஒரு பக்கமாக ஓடும்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். வடம் பிடிக்கிற நமக்கு வீதி சமமாகத்தான் தெரியும். எந்த இடத்தில் தேர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது கட்டை போடுகிறவருக்குத்தான் தெரியும். அது பல வருஷம் அந்த வீதியில் நின்று வந்த அறிவு. கோல்ஃபிலும் அதே கதைதான்.

அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் இதை நன்றாக உணர்ந்தவர். 1953-ல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் போட்டி. இரண்டு வாரம் முன்னதாகவே போய் இறங்கிவிட்டார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஆடிய பந்து, அமெரிக்கப் பந்தைவிடச் சற்றுச் சிறியது. கடற்கரைக் காற்றும் அவருக்குப் புதிது. தினமும் ஆடிப் பழகினார். ஆட்டம் முடிந்த பிறகு, கடைசிக் குழியிலிருந்து முதல் குழி நோக்கி மைதானத்தைத் தலைகீழாக நடந்து பார்த்தார் என்பார்கள். போட்டியில் நான்கு சுற்றுகளில் அவர் எடுத்தவை 73, 71, 70, 68. கோல்ஃபில் குறைவாக எடுத்தவருக்குத்தான் வெற்றி. சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததைப் பாருங்கள்! நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார்.

இரண்டு வாரம் முன்னதாகப் போய்த் தங்குவதற்குப் பணம் வேண்டும், பேர் வேண்டும், உள்ளே விடவும் வேண்டும். இவை இல்லாதவர் எப்படித்தான் மைதானத்தைத் தெரிந்துகொள்வது? ஒரு வழி இருந்தது: பை சுமப்பது. ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவரை 'கேடி' என்பார்கள். பந்து எங்கே விழுந்தது, அடுத்து எந்த மட்டையை எடுக்கலாம், கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது எல்லாம் அவர் சொல்வார்.

அமெரிக்காவில் பாஸ்டன் அருகே புரூக்லைனில் 'தி கன்ட்ரி கிளப்' மைதானம். அதன் 17-வது குழிக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் பிரான்சிஸ் உய்மெட்டின் வீடு. வசதியில்லாத குடும்பம். சிறுவயதில் அந்த மைதானத்தில் கேடியாக இருந்தவர். 1913-ல் அங்கே யு.எஸ். ஓபன் நடந்தபோது அவருக்கு வயது 20. எதிரே ஹாரி வார்டன், டெட் ரே என்று அன்றைய உலகத்தின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள். உய்மெட்டுக்குப் பை சுமந்தது எடி லோவரி என்ற பத்து வயதுப் பையன். கடைசிச் சுற்றில் தன் வீட்டெதிரே இருந்த அந்த 17-வது குழியில் ஓர் அடி மிச்சம் பிடித்துத்தான் சமநிலைக்கு வந்தார். மறுநாள் மூவருக்கும் தனிச் சுற்று. அதிலும் அதே குழியில் ஓர் அடி மிச்சம். உய்மெட் 72, வார்டன் 77, ரே 78. பழகின இடம் கைகொடுத்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. நம் ஆட்கள் போய்க் குடியேறிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வருவோம். 1860-ல் கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தத்தில் முதல் கப்பல் 'ட்ரூரோ' புறப்பட்டதே மெட்ராஸ் துறைமுகத்திலிருந்துதான். பின்னாளில் வடக்கிலிருந்தும் ஏராளமானோர் போனார்கள். அந்த இந்திய வம்சாவளியில் வந்தவர் சீவ்சங்கர் சீவ்கோலம். 'பாப்வா' என்பது அழைக்கும் பெயர். பள்ளிப் படிப்பு இல்லை. கேடியாக இருந்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றுக்கொண்டவர். வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்போது வலக்கை கீழே இருக்கும். இவருக்கு இடக்கை கீழே. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் வந்த பிடி, கடைசி வரை அப்படியே நின்றுவிட்டது.

நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலம் அது. வெள்ளையர் மைதானத்தில் இந்தியர் பை சுமக்கலாம். உறுப்பினராக முடியாது, நினைத்தபோது போய் ஆடிப் பழக முடியாது. டர்பனில் இருந்த கிரஹாம் உல்ஃப் என்ற தொழிலதிபர் இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1959-ல் டச்சு ஓபன் பட்டத்தை வென்றார் பாப்வா. 1960-லும் 1964-லும் மறுபடி வென்றார். தூரதேசத்தில் திறந்த கதவு சொந்த ஊரில் திறக்கவில்லை.

1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓபனில் ஆட அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் அந்த மைதானத்தில் ஆடி ஆடிப் பழகியவர்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. கிளப் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக்கூடாது. மற்றவர்கள் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்க விளையாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலுக்கு அது வலு சேர்த்தது. 1965-ல் மறுபடியும் நேட்டால் ஓபனை வென்றார். அந்த முறை அவருக்குப் பின்னால் வந்தவர்களில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரும் ஒருவர். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? வெள்ளையர் போட்டிகளில் ஆடவே அரசு தடை போட்டுவிட்டது. 1978-ல் வறுமையில் காலமானார்.

நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் உறுப்பினர், கேடி என்ற கோடு இருந்தது. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையானது. சென்னையில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளேயே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. எல்லாமே துரைமார்களும், பிறகு பெரிய அதிகாரிகளும் ஆடிய இடங்கள்.

இந்தியன் ஓபன் போட்டி 1964-ல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் தொடங்கியது. முதல் பட்டம் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்கு. மறுவருஷம் பில்லூ சேத்தி வென்றார். அவர் பணத்துக்காக ஆடாத அமெச்சூர். அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் எந்த இந்தியரும் வெல்லவில்லை. டெல்லி மைதானம் பழைய கல்லறை மண்டபங்களும் மயில்களும் நிறைந்தது. வழி குறுகல், இரண்டு பக்கமும் முட்புதர். பலத்தைக் காட்டி அடித்தால் பந்து புதருக்குள் போய்விடும். எங்கே அடக்கி அடிப்பது என்று தெரிந்தவருக்கே அது வசப்படும்.

1991-ல் அங்கே வென்றவர் அலி ஷேர். அதே கிளப்பில் கேடியாக இருந்தவர்! இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். 1993-ல் மறுபடியும் வென்றார். 2008-ல் டெல்லியிலேயே இந்தியன் மாஸ்டர்ஸ் நடந்தபோது, ஐரோப்பிய ஆட்டக்காரர்களை முந்தி வென்றவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அவருடைய அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர்.

இவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஹோகன் இரண்டு வாரத்தில் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டதை, இவர்கள் வருஷக்கணக்கில் அடுத்தவர் பையைச் சுமந்தும், அப்பா புல் வெட்டுவதைப் பார்த்தும் தெரிந்துகொண்டார்கள். அந்த அறிவு எல்லாக் கிளப்பிலும் வேலிக்கு உள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. அதன் கையில் மட்டையைக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கொடுத்த இடத்தில் அலி ஷேர் கோப்பையோடு வந்தார். டர்பனிலோ, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். பாப்வாவின் ஆட்டத்தில் இன்னும் எத்தனை வெற்றி மிச்சம் இருந்ததோ, அதை நாம் பார்க்காமலே போய்விட்டோம்.