சரணடைந்த வாளின் சரிதம்

1945ஆம் ஆண்டிலே உலகப் போர் முடிவுற்றபோது, தென்கிழக்காசியாவெங்கும் யப்பானியப் படைத்தலைவர்கள் தம் அரையிற் கட்டிய வாள்களைக் கழற்றி எதிரியின் கையிற் கொடுத்தனர். அப்பகுதியில் நேச நாடுகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் மவுண்ட்பேற்றன் பிரபு. 1944ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதல் அவருடைய தலைமையகம் கண்டியையடுத்த பேராதனையில் இயங்கியது. வாளை ஒப்படைக்கும் பழஞ்சடங்கு வேண்டியதில்லை என்று பசிபிக் களத்தின் தளபதி மக்காதர் பணித்திருந்தார். பர்மாவில் வென்ற சிலிம் தளபதியோ அதனை ஏற்கவில்லை. தன் தலைவன் வாளைக் கொடுத்ததைக் கண்ணாற் கண்ட போர்வீரன், தன் படை தோற்கவில்லை என்று பின்னொருகாலும் சொல்லமாட்டான் என்பது அவர் கருத்து.

கிமுரா தளபதியின் வாள் சிலிமின் வீட்டை அலங்கரித்தது. தெராவுச்சி பெருந்தளபதி 1945 நொவெம்பர் 30ஆம் நாள் சைகோன் நகரில் மவுண்ட்பேற்றனிடம் வாளை ஒப்படைத்தார். அவர் கையளித்த குறுவாள் 15ஆம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட குலச்சொத்து. அது பின்னர் இங்கிலாந்தின் வின்சர் கோட்டையைச் சேர்ந்தது. பெயர் அறியப்படாத எண்ணற்ற அதிகாரிகளின் வாள்களோ வென்ற வீரர்களின் பெட்டிகளிற் கிடந்து, பல நாடுகளுக்கும் பயணம் செய்தன.

அத்தகைய வாளொன்று பாட்டனாரின் பெட்டியிலிருந்து பேரனின் கைக்கு வருகின்றது. இது பழைய சாமுராய் வாளா, ஆலையில் அடித்த வாளா என்று அவன் வினவுகின்றான். விடை வாளிலேயே உண்டு. அதைக் கெடுத்துவிடாமற் படிக்கத் தெரிதல் வேண்டும்.

சாமுராய் குலத்தவர் பொதுவிடத்தில் வாள் தரிப்பதை 1876ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதன்பின் யப்பானியப் படையதிகாரிகள், விரல்களைக் காக்கும் வளைந்த காப்புடைய மேலைநாட்டு வாள்களைத் தரித்தனர். நாட்டுப்பற்று மேலோங்கிய காலத்தில், 1934இல் தரைப்படையும் 1937இல் கடற்படையும் பழைய மரபு வடிவத்துக்கு மீண்டன. 1935இல், அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட படைத்தலைவருக்கென ஆலையிற் செய்த வாள் ஒன்று வந்தது.

இதனால் முதலிற் பார்க்கவேண்டியது கைப்பிடியை. பின்னல் நாடா சுற்றியதுபோல் வார்த்து வர்ணந்தீட்டிய உலோகக் கைப்பிடியும், அலகின் மேற் பொறித்த தொடரிலக்கமும் காணப்படின், அது ஆலை வாளே. அதிகாரியின் வாளிலோ திருக்கைமீன் தோலின்மேல் மெய்யான நாடா சுற்றப்பட்டிருக்கும். உலோகப் பூண்களில் செரிப் பூ மலர்ந்திருக்கும். தொங்கும் குஞ்சமும் பதவியைக் கூறும். கபிலத்துடன் நீலம் சேர்ந்தது கீழ்நிலை அதிகாரிக்கும், சிவப்புச் சேர்ந்தது அவருக்கு மேற்பட்டோருக்கும், பொன்னிறமும் சேர்ந்தது தளபதிக்கும் உரியன. ஆயினும் குஞ்சம் எளிதில் மாற்றக்கூடியது; அதனை மட்டும் நம்புதல் தகாது.

உறையும் கைப்பிடியும் வாளின் உடையே, உடல் அன்று. போருக்குச் சென்ற அதிகாரிகள் பலர், முன்னோர் வைத்திருந்த பழைய அலகுக்குப் புதிய படைக்கோலம் பூட்டி எடுத்துச் சென்றனர். ஆகவே 1940இன் உறைக்குள் 1600இன் அலகு உறங்குவதும் உண்டு. உண்மையை உரைப்பது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியே. அதனை யப்பானியர் 'நக்ககோ' என்பர். கைப்பிடியையும் அலகையும் பிணைப்பது சிறியதொரு மூங்கில் ஆணி. பழகியவர் ஒருவர் துணையுடன் அதனைத் தட்டி எடுத்தால், கொல்லன் தன் பெயரை உளியால் வெட்டியிருப்பதைக் காணலாம். மறுபுறத்தில் ஆண்டும் இருக்கக்கூடும். ஷோவா 17 என்றிருப்பின், 1925ஐக் கூட்டுக. 1942 என்ற விடை வரும். பெயரருகே சிறு முத்திரை குத்தப்பட்டிருப்பின், அது பெரும்பாலும் போர்க்கால வேலை. விண்மீன் வடிவ முத்திரையோ, மரபு முறையில் வாள் செய்யப் படையினர் ஏற்றுக்கொண்ட கொல்லரைக் குறிக்கும். பெயரில்லாத அலகை இகழ்தலும் ஆகாது. நெடிய பழைய வாளை வெட்டிக் குறுக்கும்போது பெயரும் போயிருக்கலாம்.

இங்கேதான் பலர் தவறிழைக்கின்றனர். அடிப்பகுதியிற் கருந்துரு படிந்திருப்பதைக் கண்டு, மணற்றாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகின்றனர். அத்துருவே வாளின் வயதுச் சான்று. நிறத்தையும் தடிப்பையும் நோக்கியே அறிஞர் காலத்தைக் கணிப்பர். ஒரு மாலைப்பொழுதின் துப்புரவு, நூற்றாண்டுகளின் சாட்சியத்தை அழித்துவிடும். துருவை அவ்வாறே விட்டு, எழுத்துகளைத் தெளிவாகப் படம்பிடித்து, அறிந்தவரிடம் காட்டுதலே முறை. மெருகூட்டப்பட்ட அலகையும் வெறுங்கையால் தொடலாகாது, வியர்வை கறைப்படுத்தும்.

சில வாள்களில் சிறு மரச்சீட்டோ துணித்துண்டோ இன்னும் தொங்குகின்றது. சரணடைந்த நாளிலே, என்றேனும் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணி, உடையவன் தன் பெயரை எழுதிக் கட்டியது அது. அவன் படை மிதித்த நாடுகளில் மக்கள் பட்ட துன்பத்தை அச்சீட்டு மறைத்துவிடாது. எனினும் அவனுக்கும் ஒரு வீடு இருந்ததை அது காட்டுகின்றது. அச்சீட்டைக் கொண்டு உடையவனின் குடும்பத்தைத் தேடிக் கண்டு, வாளைத் திருப்பி அளித்தோரும் உளர். குப்பையென்று அந்தச் சீட்டை அறுத்தெறிந்தவர் கையில் எஞ்சுவது யாருடையதென்று அறியப்படாத இரும்பு மட்டுமே.