பழைய கம்ப்யூட்டரும் பாமினி எழுத்தும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் 2012-இல் வாங்கியது. அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டுமாம், டி.பி.எம். 2.0 வேண்டுமாம். என்னுடையது மூன்றாம் தலைமுறை. "மாமா, அதைப் பழைய இரும்புக்கடையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்கிறான் பெங்களூரில் இருக்கும் மருமகன். ராஜபாளையத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரோ மூடியைக் கழற்றி, காற்றாடியில் மெத்தை மாதிரி அடைந்திருந்த பஞ்சுத் தூசியை ஊதிவிட்டு, "சார், போர்டு நல்லாத்தான் இருக்கு. எஸ்.எஸ்.டி. போட்டு, ராமை எட்டு ஜி.பி. ஆக்குனா இன்னும் நாலு வருசம் ஓடும்" என்றார்.

வரலாறு நடத்தியவன் புத்தி வேறு எங்கே போகும்? இதே கேள்வியை நமக்கு முன்னால் யார் சந்தித்தார்கள் என்று பார்த்தேன். ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம் அரசாங்கமே சந்தித்திருக்கிறது.

2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு இதே போல் நாள் குறித்தார்கள். அப்போது தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஏராளமான எக்ஸ்பி இயந்திரங்கள். எல்லாவற்றையும் மாற்றப் பணம் வேண்டும், மாற்றாவிட்டால் வைரஸ் பயம். அரசு தன் துறைகளுக்குச் சொன்ன வழி மூன்றாவது: இலவசமாகக் கிடைக்கும் பாஸ் லினக்ஸுக்கு மாறுங்கள் என்றது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். விண்டோஸோடு அதுவும் உள்ளே இருந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

பிளஸ் டூ-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் 'ஸ்டார் ஆஃபீஸ்' பாடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். "வேலைக்குப் போற இடத்துல யாரும் இதை வைக்கல சார்" என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் உண்டு. அந்த ஸ்டார் ஆஃபீஸ்தான் ஓப்பன் ஆஃபீஸ் ஆகி, 2010-இல் அதிலிருந்து லிப்ரே ஆஃபீஸ் பிரிந்தது. லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் இன்று கடிதம் அடிப்பது அதில்தான். படித்தது வீண்போகவில்லை.

இதுவரை பேசியது டப்பாவைப் பற்றி. எனக்குத் தூக்கம் போனது அதனால் அல்ல, உள்ளே இருப்பதால்.

1998 முதல் நான் சேர்த்த குறிப்புகள் அதில் இருக்கின்றன. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்தைப் பார்த்த முதியவர்கள் சொன்னவை, குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த செய்தி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவர்களின் பேச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சொந்தங்களின் வம்சாவளி. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. அத்தனையும் பாமினி எழுத்துருவில் அடித்தவை.

பாமினி என்பது ஒரு வேஷம், அவ்வளவுதான். அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஒரு எச். எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் அது அம்மாவாகத் தெரியும். இல்லாத இடத்தில் வெறும் குப்பை. நேற்று வாங்கிய கம்ப்யூட்டராக இருந்தாலும் அப்படித்தான்.

யூனிகோடு 1991-இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. விண்டோஸில் அதைப் பார்க்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பி-யில்கூட சி.டி.யைப் போட்டு ஒரு தேர்வை டிக் செய்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும். அது தெரியாமல் எத்தனையோ பேர் பழைய எழுத்துருக்களிலேயே காலம் தள்ளினோம். நடுவில் 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் யூனிகோடை ஏற்றது. அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் தட்டியவை எத்தனை பென் டிரைவ்களில் முடங்கிக் கிடக்கின்றனவோ!

இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் மதுரைத் திட்டத்துக்காரர்கள். சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. நம்மூர் ஆண்டாளும் பெரியாழ்வாரும் பாடியவை உட்பட நாலாயிரமும் அதில் இருக்கிறது. முதலில் மயிலை முதலிய எழுத்துருக்கள், பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு என்று ஒரே நூலை இரண்டு மூன்று முறை குடிபெயர்த்தார்கள். கூலி எதுவும் இல்லை, எல்லாரும் தன்னார்வலர்கள்.

ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே பாடுதான். நம் வெயிலுக்கும் செல்லுக்கும் ஓலை இருநூறு, முந்நூறு வருடம் தாங்கினால் பெரிது. அதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். பழசையும் பார்த்து எழுத முடிகிற நிலையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஓலையில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள், எகரம் ஏகாரம் பிரித்துக் காட்ட மாட்டார்கள். எழுதுபவருக்கு விஷயம் தெரியாவிட்டால் பாடமே மாறிவிடும். உ.வே.சா. பட்ட சிரமங்களில் பாதி இதுதான்.

பாமினியை யூனிகோடாக்க 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நொடியில் மாற்றிவிடும், ஆனால் நம்பி விட்டுவிடக் கூடாது. நடுவில் நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயர்களை எல்லாம் அது தமிழ் என்று எண்ணிப் பொருளில்லாத எழுத்துகளாக்கிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் பழைய திரையோடு ஒப்பிட்டுத்தான் திருத்துகிறேன். அதனால்தான் பழையது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மில்லில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு என் முடிவு சுலபமாகப் புரியும். ரிங் ஃபிரேமில் டிராவலர் சில வாரத்தில் தேயும், மாற்றுகிறீர்கள். ரிங் சில வருடத்தில் தேயும், மாற்றுகிறீர்கள். ஃபிரேம் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த ஃபிரேம் தாங்குகிற வேகத்துக்கு மேல் ஸ்பிண்டிலைச் சுற்ற முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் புது மெஷின்தான். என் போர்டும் அந்த ஃபிரேம் மாதிரி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றலாம், எட்டாம் தலைமுறை சிப்பை அதில் பொருத்த முடியாது. வீடியோ வெட்டி ஒட்டுகிறவனாக இருந்தால் மருமகன் சொல்வதே சரி. நான் செய்வது தட்டச்சும் வாசிப்பும்.

ஆகவே எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ராமும் போட்டாயிற்று, மூவாயிரத்துக்குள் முடிந்தது. அதில் லினக்ஸ் ஏற்றி, இணையத்துக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே வைத்திருக்கிறேன், அதை ஓட்டும்போது நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவேன். பாமினி எழுத்துருக் கோப்பையும் தனியாக இரண்டு பென் டிரைவில் எடுத்து வைத்தாயிற்று. மருமகனுக்கு மனவருத்தம்தான். தீபாவளிக்கு வந்தவன் பத்து நொடிகளில் அது திறந்துகொள்வதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பால்கோவா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. பழைய விழா மலர்கள் சிலவற்றைப் பேஜ்மேக்கரில் செய்திருந்தோம். அந்தப் பேஜ்மேக்கர் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. என் விண்டோஸிலும் அந்த மென்பொருள் இப்போது இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சத்திரப்பட்டிப் பக்கம் அச்சகமோ டி.டி.பி. கடையோ வைத்திருக்கும் பிள்ளைகள் யாரிடமாவது பேஜ்மேக்கர் ஓடும் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் தயவுசெய்து அதைக் கழித்துவிடாதீர்கள். ஒரு வரி செய்தி அனுப்புங்கள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறி வருகிறேன்.