வண்டியுடல் கட்டுப்பாட்டகம் மாற்றுதல்

வண்டியுடல் கட்டுப்பாட்டகம் என்பது மகிழுந்தின் விளக்குகள், கதவுப் பூட்டுகள், சன்னல் கண்ணாடிகள், துடைப்பான்கள், ஒலிப்பான், திருட்டுத் தடுப்பு போன்ற உடற்பகுதிச் செயல்களை இயக்கும் மின்னணு அலகு ஆகும். பணிமனைகளில் இது பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்றும், சுருக்கமாகப் பி.சி.எம். என்றும் அழைக்கப்படுகிறது. இவ்வலகு பழுதடையும்போது பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது மட்டும் போதுமானதன்று. வண்டியின் அடையாள எண், அதிலுள்ள வசதிகளின் விவரம், பல வண்டிகளில் சாவிகளின் பதிவு ஆகியன இதன் நினைவகத்தில் இருப்பதால், அத்தரவுகளைப் புதிய அலகில் பதித்த பின்னரே வண்டி முறையாக இயங்கும். ஆகவே இது கருவி மாற்றமாக இருப்பதோடு தரவு மாற்றமாகவும் உள்ளது.

== பணிகள் ==

பழைய மகிழுந்துகளில் விளக்கின் மின்னோட்டம் முழுவதும் ஆளி அல்லது ஒரு ரிலே வழியாகச் சென்றது. கட்டுப்பாட்டகம் உள்ள வண்டியில் ஆளி ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. சாவியின் நிலை, கதவு திறந்துள்ளதா என்பது, ஒளி உணரியின் அளவு முதலியவற்றைப் பார்த்து, கட்டுப்பாட்டகத்தில் உள்ள நுண்கட்டுப்படுத்தி முடிவெடுக்கிறது. பின்னர் ரிலே அல்லது குறைகடத்தி ஆளி மூலம் விளக்கிற்கு மின்சாரம் வழங்கப்படுகிறது.

எந்திரம், தடை அமைப்பு, காற்றுப்பை ஆகியவற்றிற்குத் தனித்தனி அலகுகள் உள்ளன. கட்டுப்பாட்டகம் அவற்றோடு வலையமைப்பின் வழியே செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. சில வண்டிகளில் வெவ்வேறு வேகமுள்ள வலையமைப்புகளை இணைக்கும் நுழைவாயிலாகவும் இதுவே பணிபுரிகிறது. பொதுவாக இது முகப்புப் பலகையின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். சில வகைகளில் உருகிப் பெட்டியும் இதுவும் ஒரே கூறாக அமைந்திருக்கும்.

== வரலாறு ==

மகிழுந்துகளில் மின்சார வசதிகள் பெருகியபோது, ஒவ்வொன்றிற்கும் தனிக் கம்பி இழுப்பது எடையையும் செலவையும் கூட்டியது. இதற்குத் தீர்வாகச் செருமனியின் போசு நிறுவனம் 1983 இல் கேன் என்னும் வலையமைப்பை உருவாக்கத் தொடங்கி, 1986 இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் வெளியிட்டது. 1991 இல் மெர்சிடிசு-பென்சு எசு வகுப்பு மகிழுந்தில் இது பயன்பாட்டுக்கு வந்தது. 1993 இல் ஐ.எசு.ஓ. 11898 என்னும் பன்னாட்டுச் சீர்தரமாக ஏற்கப்பட்டது. சன்னல், கண்ணாடி போன்ற எளிய பகுதிகளுக்காக ஒற்றைக் கம்பியில் இயங்கும் லின் வலையமைப்பு பின்னர் வந்தது. இவ்விரண்டும் பரவியபின் பல சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் வேலை ஒரே அலகில் குவிந்தது. கம்பிகள் குறைந்தன, ஆனால் ஒரு பழுது பல பகுதிகளைப் பாதிக்கும் நிலையும் ஏற்பட்டது.

== பழுதின் அறிகுறிகள் ==

* ஒன்றோடொன்று தொடர்பில்லாத பகுதிகள் ஒரே நேரத்தில் செயலிழத்தல். எ.கா: துடைப்பானும் உள்விளக்கும் கதவுப் பூட்டும்.
* விளக்குகளோ ஒலிப்பானோ தாமாக இயங்குதல்.
* சாவி ஏற்கப்படாமல் வண்டி கிளம்ப மறுத்தல்.
* வண்டி நிறுத்தப்பட்ட பின்னும் அலகு உறங்கு நிலைக்குச் செல்லாமல் மின்கலத்தை வெறுமையாக்குதல். உறங்கும் வண்டியின் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்.
* பழுதுக் குறியீடுகள் பதிவாதல். இவற்றில் பி என்னும் ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்தில் தொடங்குபவை உடற்பகுதியையும், யூ எழுத்தில் தொடங்குபவை வலையமைப்பையும் குறிக்கும்.

யூ 0140 என்னும் குறியீடு கட்டுப்பாட்டகத்துடன் தொடர்பு அறுந்ததைக் குறிக்கிறது. மற்ற அலகுகளுக்கு அதன் செய்தி கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். கட்டுப்பாட்டகம் பழுதடைந்தது என்பதற்கு இது சான்றன்று. மின்சாரம் வராத அலகும், கம்பி அறுந்த அலகும் இதே குறியீட்டைத் தோற்றுவிக்கும்.

== மாற்றும் முன் செய்யவேண்டிய சோதனைகள் ==

மேற்கண்ட அறிகுறிகள் பலவற்றிற்கு மின்கலம், உருகி, தரை இணைப்பு அல்லது இணைப்பி காரணமாக இருக்கக்கூடும். அவற்றைச் சோதிக்காமல் அலகை மாற்றினால், பெரும் செலவுக்குப் பின்னும் பழுது நீடிக்கும்.

# மின்கலம்: முழுதும் மின்னேற்றம் பெற்ற ஈய-அமில மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். மின்னழுத்தம் மிகவும் குறைந்தால் அலகுகள் தாறுமாறாக நடந்துகொள்ளும்.
# உருகிகள்: கட்டுப்பாட்டகத்திற்குப் பல உருகிகள் வழியே மின்சாரம் வருவதுண்டு. ஒன்று போனால் சில பணிகள் மட்டும் நின்றுவிடும்.
# தரை இணைப்பு: விளக்குகளை ஏற்றிய நிலையில் அலகின் தரைக் கம்பிக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். கூடுதலாக இருப்பின் இணைப்பில் துரு அல்லது தளர்வு இருக்கலாம்.
# வலையமைப்பு: மின்கலத்தைத் துண்டித்து, 16 முனைகள் கொண்ட கண்டறி இணைப்பியின் 6, 14 ஆகிய முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்தால், கேன் வடம் நலமாக உள்ள வண்டிகளில் ஏறத்தாழ 60 ஓம் கிடைக்கும். இது வடத்தின் இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் தடைகளின் இணையான மதிப்பாகும். 120 ஓம் கிடைப்பின் வடம் எங்கோ அறுந்திருக்கலாம். கண்டறி இணைப்பி நுழைவாயில் அலகோடு மட்டும் இணைந்துள்ள வண்டிகளுக்கு இவ்வளவு பொருந்தாமல் போகலாம்.
# ஈரம்: முன்கண்ணாடியின் ஓரம் கசிந்தாலோ, கூரைத் திறப்பின் வடிகுழாய் அடைத்தாலோ நீர் முகப்புப் பலகையின் அடியில் இறங்கும். இணைப்பியின் முனைகளில் பச்சைப் படிவு தெரிந்தால் கசிவை முதலில் அடைக்க வேண்டும். இல்லையேல் புதிய அலகும் அவ்வாறே கெடும்.

இணைப்பியின் பங்கிற்கு ஒரு எடுத்துக்காட்டு 2014 மே மாதத்தில் செனரல் மோட்டார்சு நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்த திரும்பப் பெறுதலாகும். செவர்லே மாலிபு, பொன்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா முதலிய 24 லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் இதில் அடங்கின. கட்டுப்பாட்டகத்தின் இணைப்பியில் அரிப்பு ஏற்பட்டு மின்தடை கூடியதால், தடையை மிதிக்கும்போது பின்விளக்கு எரியாமலும், மிதிக்காதபோது எரிந்தும் இருக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது. இணைப்பியில் காப்பு மசகைப் பூசி, அது அசையாதிருக்க ஓர் இடைத்துண்டைச் செருகுவதே தீர்வாக அமைந்தது.

== மாற்றும் முறை ==

# பழைய அலகு இன்னும் பேசுமாயின், ஸ்கேனர் மூலம் அதன் அமைவுத் தரவுகளையும் பழுதுக் குறியீடுகளையும் சேமித்துக்கொள்ள வேண்டும்.
# புதிய அலகின் பகுதி எண் பழையதோடு பொருந்துகிறதா எனச் சரிபார்க்க வேண்டும். தோற்றத்தில் ஒத்த அலகுகள் உள்ளே வேறுபடலாம்.
# வண்டியின் அனைத்துச் சாவிகளையும் கையில் வைத்திருக்க வேண்டும்.
# மின்கலத்தைத் துண்டித்தபின் மின்பூட்டுகள் இயங்கா. ஆதலால் ஒரு கண்ணாடியை முன்பே இறக்கி வைப்பது நன்று.
# மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, காற்றுப்பையின் மின்தேக்கிகள் வெறுமையாகும்வரை, கையேட்டில் கூறிய நேரம் காத்திருக்க வேண்டும்.
# வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கியபின், பூட்டு நெம்புகோல்களை விடுவித்து இணைப்பிகளைக் கழற்ற வேண்டும்.
# புதிய அலகைப் பொருத்தி மின்கலத்தை இணைக்க வேண்டும். நிரலேற்றத்தின்போது மின்னழுத்தம் மாறாதிருக்க, அதற்கென உள்ள நிலைப்படுத்திய மின்வழங்கியையும் இணைக்க வேண்டும். நிரலேற்றம் இடையில் நின்றுபோனால் புதிய அலகே பயனற்றுப் போகலாம்.
# நிரலேற்றம் முடிந்தபின் ஒவ்வொரு பணியையும் சோதிக்க வேண்டும். தடை விளக்கு, திரும்பு விளக்கு, ஒலிப்பான் ஆகியவற்றைச் சோதிக்காமல் வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது.

== தரவுகளைப் பதித்தல் ==

=== அமைவு ===

ஒரே அலகு பல வகை வண்டிகளில் பயன்படுகிறது. மூடுபனி விளக்கு உண்டா, மழை உணரி உண்டா, ஓட்டுநர் இருக்கை வலப்புறமா இடப்புறமா என்பன போன்றவற்றை அமைவுத் தரவு தீர்மானிக்கிறது. 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வண்டி அடையாள எண்ணும் இதனுடன் பதியப்படுகிறது.

=== சாவி ===

சாவியின் தலைப்பகுதியில் மின்கலம் தேவைப்படாத ஒரு சிறு மறுமொழிச் சில்லு உள்ளது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதனைப் படிக்கிறது. சாவி அடையாளம் காணப்பட்டாலன்றி எந்திரம் கிளம்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய மகிழுந்துகளில் இத்தகைய இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது. பல வண்டிகளில் கட்டுப்பாட்டகமும் எந்திர அலகும் ஒரு மறைகுறியைப் பகிர்ந்துகொள்வதால், இவ்விரண்டையும் மீண்டும் இணைக்க வேண்டும். பதிவின்போது காட்டப்படாத சாவிகள் பல வகைகளில் நீக்கப்பட்டுவிடும்.

=== ஓடிய தொலைவு ===

சில வண்டிகளில் ஓடிய தொலைவின் படியும் இவ்வலகில் சேமிக்கப்படுகிறது. அதனைச் சரியாக மாற்றாவிடில் வாங்குவோர் ஏமாற்றப்பட வாய்ப்புண்டு. அமெரிக்காவில் தொலைவுமானியை ஏமாற்றும் நோக்குடன் மாற்றுவது 1972 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. பழுதுநீக்கத்தின்போது பழைய அளவைப் பதிக்க இயலாவிடில், தொலைவைச் சுழியாக்கி, இடப்புறக் கதவுச் சட்டத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் எனவும் அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது.

== பயன்படுத்திய அலகுகள் ==

உடைத்த வண்டிகளிலிருந்து கிடைக்கும் அலகுகள் விலை குறைந்தவை. எனினும் அவை முந்தைய வண்டியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருக்கலாம். அத்தகைய நிலையில் பழைய அலகின் நினைவகத்தைப் படித்து, அதனை வாங்கிய அலகில் அப்படியே எழுதும் படியெடுப்பு முறை கையாளப்படுகிறது. பழைய நினைவகச் சில்லு கெடாதிருந்தால் மட்டுமே இது இயலும். ரிலே தேய்வு, பற்றாசு விரிசல் போன்ற பழுதுகளை அலகைத் திறந்தே சீர்செய்வதும் உண்டு. இக்காரணங்களால் வேலை முழுதும் முடியும்வரை பழைய அலகை எறிந்துவிடலாகாது.

== பழுதுநீக்கும் உரிமை ==

நிரலேற்றத்திற்குத் தயாரிப்பாளரின் மென்பொருள் தேவைப்படுவதால், தனிப் பணிமனைகள் இவ்வேலையைச் செய்ய இயலுமா என்பது சட்டச் சிக்கலாகவும் மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 715/2007 எண்ணுள்ள ஒழுங்குமுறை பழுதுநீக்கத் தகவல்களைத் தனிப் பணிமனைகளுக்கும் வழங்க வேண்டும் என விதித்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலம் 2012 இல் மகிழுந்துகளுக்கான பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. சாவித் தரவு திருடர் கைக்குச் செல்லக்கூடாது என்பதும், உரிமையாளர் தாம் விரும்பும் இடத்தில் வண்டியைச் சீர்செய்ய இயல வேண்டும் என்பதும் இதில் எதிரெதிரே நிற்கும் இரு தேவைகளாகும்.

== இவற்றையும் பார்க்க ==

* மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு
* கேன் வலையமைப்பு
* இம்மொபிலைசர்
* வண்டி அடையாள எண்