கண்ணுக்குள் கத்தி

தல்லாகுளத்தில் என்னிடம் பயிலும் சிறுவன் ஒருவனின் கண்ணில், பாவையைச் சூழ்ந்த ஐரிஸ் எனும் வண்ணத்திரையிலே, கட்டியொன்று முளைத்தது. தாயார் வெள்ளியில் கண்மலர் செய்துவைப்பதாக நேர்ந்துகொண்டார். “கண்ணுக்குள் கத்தியா, வாத்தியாரய்யா?” என்று அவர் நடுங்கியதில் குற்றமில்லை. அந்தக் கத்தியின் வரலாற்றை அவருக்கு எவர் சொன்னார்?

கண்ணின் உள்ளழுத்தம் பெருகிப் பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோயை, ஐரிஸில் ஒரு துண்டை அரிந்தெடுத்துத் தணிக்கலாம் என்று 1857இல் காட்டினார் செருமனியின் கிரேஃபே. 1819இல் தோன்றிய சென்னைக் கண் மருத்துவமனையிலே, 1909இல், ராபர்ட் ஹென்றி எலியட் மேலும் ஒரு படி சென்றார். கருவிழியின் விளிம்பில் வட்டத்துளையிட்டார். துளைவழியே தலைநீட்டிய ஐரிஸை நறுக்கினார். தேங்கிய நீர் வடிய வழி பிறந்தது! உலக மருத்துவர்கள் சென்னை முறையைக் கற்றனர்.

இந்த எலியட் யார் தெரியுமா, தோழர்களே? கயிற்று வித்தையைத் திறந்தவெளியில் செய்துகாட்டுவோர்க்கு 500 கினி பரிசு என்று லண்டனில் 1934இல் அறைகூவிய ஆய்வுக்குழுவின் தலைவரும் அவரே! பரிசை வென்றவர் எவருமிலர்.

கட்டிகள் அனைத்தையும் வெட்டுவதில்லை. வளராதவற்றைக் கண்காணித்தாலே போதும். சிறுவனுடையதோ வளர்ந்தது. மதுரை மருத்துவர்கள் அதனைச் சூழ்ந்த திரைத்துண்டோடு அகற்றினர். வட்டமாயிருந்த பாவை இன்று சாவித்துளை வடிவில் நீண்டிருக்கிறது. வெயிலில் கண் கூசுகிறதாம். கரும்பலகையைக் கடைசி வரிசையிலிருந்தே படிக்கிறான்.