காற்றை அளக்கச் சென்ற ராடாரும் கடற்பனியும்

1963 நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. புவிக்காந்த நடுக்கோட்டின் அண்மையே அம்மீனவர் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம்; துருவப் பனிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆயினும் அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி.யே 2009 செப்டம்பர் 23இல் ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது.

அதிலிருந்த சிதறல்மானி, கடற்காற்றை அளப்பதற்கான ராடார். காற்று எழுப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் வலிமையைக் கொண்டு அது காற்றைக் கணக்கிடும். உறைந்த கடலில் சிற்றலை ஏது? ஆகவே பனிப்பரப்பை முதலில் பிரித்து நீக்க வேண்டியிருந்தது. அவ்வாறு நீக்கப்பட்டதே பனி ஆய்வாளருக்குக் கருவூலமாயிற்று. இருளும் மேகமும் ராடாருக்குத் தடையல்ல என்பதால், துருவத்தின் நீண்ட இரவிலும் பனியின் விளிம்பு நாள்தோறும் புலப்பட்டது. ஆர்க்டிக்கில் கோடையைத் தாண்டிய பழம்பனியில் உப்பு வடிந்து காற்றுக்குமிழ்கள் மிகுந்திருக்கும். அது புதுப்பனியைவிட வலுவான அலையைத் திருப்பி அனுப்பும்.

துணைப்பயனாக வந்ததன் நிலை எப்போதும் உறுதியற்றது. 2014 பிப்ரவரியில் அச்சிதறல்மானி செயலிழந்தது. அடுத்த கருவியான ஸ்கேட்சாட்-1 ஏவப்பட்டது 2016 செப்டம்பர் 26இல்தான். வானிலையாளருக்கு வேண்டியது இன்றைய காற்று. அயல்நாட்டுக் கருவிகள் அதைத் தந்தன. அறுபடாத தொடரை வேண்டும் பனி ஆய்விலோ, இந்தியப் பதிவில் இரண்டரை ஆண்டு வெற்றிடம் விழுந்தது. 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 நுண்ணிய படங்களை எடுக்க வல்லது. துருவம் முழுவதையும் நாள்தோறும் காண்பது அதன் பணியன்று.

2025 ஜூலை 30இல் ஏவப்பட்ட நிசாரின் அறிவியல் நோக்கங்களில் கடற்பனி தன் பெயரிலேயே இடம்பெற்றது.